தாமதத்துக்கான காரணம்

மணி என்னவென்று அவளிடம் கேட்டால் ‘பத்தாகப் போகிறது’ என்ற பதில் வராது. “ஒம்போது அம்பத்தி மூணு” என்பாள். கேட்டவர் சிரித்தால், அவர் சிரித்து முடிப்பதற்குள் “அம்பத்தி நாலாயிடுச்சு” என்று திருத்தியும் விடுவாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் ஊருக்கெல்லாம் அக்காவாவதில் அவளுக்கு வருத்தமொன்றும் இல்லை.

கிண்டலுக்கு வைத்த பெயர்தான். ஆனால் அந்த வேலைக்கு அப்படி ஒருத்திதான் வேண்டியிருந்தது. சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்கு அடியில், நிலவறையில் இருந்தது. நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரிலேயே பதித்தாற்போல மூன்று பெரிய மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள். அழுக்குப் பக்கத்துக் கதவில் துணியை ஏற்றுவார்கள். துவைத்து முடிந்ததும் சுத்தப் பக்கத்துக் கதவைத் திறந்து இறக்குவார்கள். அழுக்கு போன வழியில் சுத்தம் திரும்பி வரக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

நிமிஷக்காவுக்குச் சுத்தப் பக்கம். எந்த மெஷின் எப்போது ஓடத் தொடங்கியது, தண்ணீர் எவ்வளவு சூடேறியது, அந்தச் சூடு எத்தனை நிமிடம் நின்றது, கதவு எப்போது திறந்தது என்று எல்லாவற்றையும் நீலநிற ரெக்சின் அட்டை போட்ட ஒரு நீளமான புத்தகத்தில் எழுத வேண்டும். மெஷின் மணியடித்தும் கதவைத் திறக்க நேரமானால், அதை எழுதத் தனியாக ஒரு கட்டம் உண்டு. ‘தாமதத்துக்கான காரணம்’ என்று அதன் தலையில் அச்சடித்திருக்கும். மற்றவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவளுக்குக் கை வராது.

அதற்குக் காரணம் கண்ணாடி சிஸ்டர். ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த அம்மாவுக்கு. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பெரிய டாக்டர்களே அவரைப் பார்த்தால் ஓடிப்போய்க் கை கழுவுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று புதியவர்களை உட்காரவைத்துச் சொன்னார். “சூடு போதாம தொவச்ச போர்வையில படுத்தா ஆபரேஷன் புண்ணு சீழ் பிடிக்கும். அப்போ நான் யாரையும் விசாரிக்க மாட்டேன். இந்தப் புத்தகத்தைத்தான் பாப்பேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. எழுதறதுக்கு யாருக்கும் பயப்படாதீங்க.” மற்றவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். நிமிஷக்கா அதை அப்படியே மனதில் பிடித்துக்கொண்டாள்.

புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு தாள். மேலே வெள்ளை, நடுவில் கார்பன், கீழே மஞ்சள். இரண்டு மணிக்கு வேலை முடியும்போது சூப்பர்வைசர் வந்து அடியில் கையெழுத்துப் போடுவார். வெள்ளைத்தாள் புத்தகத்திலேயே இருக்கும். மஞ்சள் தாள்களைச் சனிக்கிழமைதோறும் கிழித்து எங்கேயோ கொண்டுபோவார்கள். எங்கே என்று அவள் கேட்டதில்லை. எழுதுவது தன் வேலை, கொண்டுபோவது வேறு யாருடைய வேலையோ.

இதற்கு முன் பதினொரு வருடம் பிஸ்கட் கம்பெனி ஒன்றில் பெட்டி ஒட்டினாள். ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு. அதன்பிறகு கிடைத்த வேலை இது. ஆறு மாதம் தற்காலிகம். ஆறு மாத முடிவில் ‘வேலை திருப்தி’ என்று சூப்பர்வைசர் ஒரு வரி எழுதினால் நிரந்தரம். நிரந்தரம் என்றால் காய்ச்சல் வந்தால் லீவு உண்டு, கேட்டில் பூட்டுத் தொங்காது, மகளை அவள் கேட்கிற படிப்பில் சேர்க்கலாம். ஆக மொத்தம் அவளுடைய ஆறு மாத உழைப்பும் ஒரே ஒருவருடைய பேனா முனையில் நின்றது.

அந்தப் பேனாக்காரரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடமாக அங்கே சூப்பர்வைசர். சலவைக்கூடத்தில் சோப்பு வாசனையும் பிளீச்சிங் நெடியும் நீராவியும் போட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது, அதையெல்லாம் தாண்டி ஒரு சென்ட் வாசனை வந்தால் பின்னாலேயே அவர் வருகிறார் என்று அர்த்தம். முதல் மாதம் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்டார். இரண்டாம் மாதம் “இந்த வயசுலயும் உடம்பை நல்லா வச்சிருக்கியே” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, சிரிக்கும்படி மற்றவர்களையும் பார்த்தார். பாதிப் பேர் சிரித்தார்கள். லாரி போகிற அளவுக்கு அகலமான வழியில் இவளை உரசிக்கொண்டு போனார். அவளுடைய போன் நம்பர் ஆபீஸ் காகிதத்தில் இருந்ததால் அதிலும் நுழைந்தார்.

“அவரு ஜாலி டைப்பு. கண்டுக்காத” என்றாள் மடிப்பு அக்கா. போர்வை மடிக்கும் மேஜையில் ஆறு வருடமாக நிற்பவள். கை பாட்டுக்கு மடித்துக்கொண்டே இருக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கை நின்றது. ஜாலி என்ற சொல் பாவம். யார் யாருடைய அசிங்கத்தையெல்லாம் அது மூடி மறைக்க வேண்டியிருக்கிறது!

மூன்றாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மடிப்பு அக்கா மாடிக்குத் துணி கொண்டுபோயிருந்தாள், சுத்தப் பக்கத்தில் வேறு ஆளில்லை. மூன்றாம் மெஷின் முடிந்து மணி அடித்தது. நிமிஷக்கா கதவைத் திறக்கப் போனாள். சென்ட் வாசனை வந்தது. திரும்புவதற்குள் அவர் மெஷினுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே வழியை மறித்து நின்று, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மரியாதை இத்தோடு போதும். இனி அவன்தான்.

“எங்க ஓடற? மெஷினுக்குக் குடுக்கற மரியாதையை எனக்கும் கொஞ்சம் குடேன்.”

“கையை விடுங்க சார். மணி அடிக்குது.”

“அடிக்கட்டும். இன்னும் மூணு மாசத்துல உனக்கு நான் ஒரு வரி எழுதணும், தெரியுமில்ல?”

கத்தலாம் என்று நினைத்தாள். கத்தினால் அந்த ஒரு வரி? சுவர்க்கடிகாரம் எதிரிலேயே இருந்ததால் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷின் பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. அவனுடைய போன் அடித்த பிறகுதான் கையை விட்டான். ஒன்றுமே நடக்காதவன் போலப் பேசிக்கொண்டே போனான்.

அவள் கதவைத் திறந்து துணியை இறக்கினாள். பிறகு புத்தகத்தை எடுத்தாள். நேரங்களை எழுதினாள். மணி அடித்தது பதினொன்று பதினாறு, கதவு திறந்தது பதினொன்று இருபது. நான்கு நிமிடம். அந்தக் கட்டம் காலியாக அவளைப் பார்த்தது. கோடு இழுத்திருக்கலாம். ‘தண்ணீர் வரவில்லை’ என்று ஒரு பொய் எழுதியிருக்கலாம். ஆனால் கை பழக்கத்தைத்தானே செய்யும்? எழுதினாள்: ‘சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றார். விடச் சொல்லியும் விடவில்லை. அதனால் கதவைத் திறக்க முடியவில்லை.’

எழுதிய பிறகுதான் தான் செய்த காரியம் என்னவென்று உறைத்தது. இரண்டு மணிக்கு இதே பக்கத்தில் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும்! பேனாவால் எழுதியது, கார்பனில் இறங்கியது. பக்கங்களுக்கு அச்சிட்ட எண் உண்டு, கிழிக்கவும் வழியில்லை. மீதி நேரம் முழுக்க எந்தத் துணியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேலை போகப் போகிறது, மகளிடம் என்ன சொல்வது, இதே ஓட்டம்தான்.

இரண்டு மணிக்கு வந்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை அவள் திறந்துவைத்தாள். அவன் கண் பக்கத்து மேஜையில் இருந்த டீயின் மேல் இருந்தது. பேனா மட்டும் தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டு போய், வழக்கமான வால் நீண்ட கையெழுத்தைப் போட்டது. போய்விட்டான்.

நிமிஷக்கா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவள் எழுதிய வரிக்கு இரண்டு விரற்கடை கீழே பளிச்சென்று இருந்தது. முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். ஒரு நாள் மெஷின் எண்ணையே தப்பாக எழுதியிருந்தாள், அதன் கீழும் கையெழுத்து. ஆக, இந்த மனுஷன் ஒன்பது வருடமாக ஒரு பக்கத்தைக்கூடப் படித்ததில்லை! சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

அன்று வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவர். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்துபோய் வீல் ஸ்பேனரோடு வந்து நின்றார்.

“வா. அவன் வீடு எங்க இருக்குன்னு காட்டு.”

“அதைக் கீழ வைங்க. நீங்க அவன் மண்டையை ஒடச்சா நீங்க உள்ள போவீங்க, நான் வெளிய போவேன். அவன் ரெண்டு தையல் போட்டுக்கிட்டு அங்கேயேதான் இருப்பான்.”

“அப்போ வேலையை விட்டுடு. கஞ்சியோ கூழோ நாம பாத்துக்கலாம்.”

“நான் ஏங்க விடணும்?” அவள் குரல் உயர்ந்துவிட்டது. “தப்பு பண்ணினவன் அவன். வேலையைச் சரியாப் பண்றவ நான். போகவேண்டியது யாரு?”

அவர் ஸ்பேனரைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். பிறகு, “நான் என்னதான் செய்யட்டும், சொல்லு” என்றார். தெரியாமல்தான் கேட்டார்.

“தெனமும் நான் வந்து சொல்றதைக் கேளுங்க. நடுவுல எதுவும் சொல்லாம, முழுசா கேளுங்க. அது போதும்.”

அன்றிலிருந்து அவர் கையில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்பார். சில நாள் கிரீஸ் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருப்பார். கைத் தோல் சிவந்துபோகும். ஆனால் குறுக்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. வெளியில் ஒருவரிடமும் சொல்ல முடியாத விஷயத்தை வீட்டில் ஒருவர் நம்பிக் கேட்டார் என்பது எவ்வளவு பெரிய பலம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

இவளும் எழுதிக்கொண்டே வந்தாள். ‘முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார், ஆறு நிமிடம், வேலை எதுவும் இல்லை.’ ‘ஸ்டோர் ரூமுக்குத் தனியாக வரச் சொன்னார், போகவில்லை.’ ‘போகாததால் டீ நேரம் ரத்து என்றார்.’ தாமதமான நாளில் தாமதக் கட்டத்தில், தாமதமாகாத நாளில் அடியில் இருந்த குறிப்புக் கட்டத்தில். திட்டம் போட்டுச் செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதிய பிறகு அந்தச் சுமை தன் தலையில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்று தோன்றியது. அதற்காகவே எழுதினாள். அவன் தினந்தோறும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினான்.

பதினோரு வாரம் இப்படியே போயிற்று. ஆறாம் மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, அவன் போனில் சார்ஜ் தீர்ந்தது. உலகத்தில் எத்தனையோ பெரிய காரியங்கள் எவ்வளவோ சின்னக் காரணங்களால் கெட்டுப்போகின்றன. ஒரு புதன்கிழமை, இரண்டு மணி. பேச ஆளில்லாமல், பார்க்க வேறெதுவும் இல்லாமல், வாழ்க்கையில் முதன்முறையாக அவன் கண் அந்தப் பக்கத்தில் விழுந்தது.

ஒரு வரி படித்தான். முந்தைய பக்கத்தைப் புரட்டினான். அதற்கு முந்தையதையும் புரட்டினான். முகத்தில் ஈயாடவில்லை. புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். “நாளையிலேர்ந்து நீ அழுக்குப் பக்கம்.”

அழுக்குப் பக்கம் என்றால் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ரத்தமும் சீழும் பட்ட துணிகளைப் பிரிப்பது. துணிக்குள் ஊசி கிடக்கும், கத்திரி கிடக்கும். அங்கே சிவப்புப் பைகளும் வரும். கடுமையான தொற்று உள்ள நோயாளிகளின் துணி அவற்றில் இருக்கும். சிவப்புப் பையை யாரும் திறக்கக் கூடாது. கட்டியது கட்டியபடியே மெஷினில் போட்டுவிட வேண்டும், பை சுடுதண்ணீரில் தானே கரைந்துவிடும். வியாழக்கிழமை காலையில் வந்த நாலு சிவப்புப் பைகளையும் நிமிஷக்கா தன் கையாலேயே தூக்கி மூன்றாம் மெஷினில் போட்டாள். ஒன்று மட்டும் கொஞ்சம் கனம் கூடுதலாகத் தோன்றியது. திறக்கக் கூடாதே, திறக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துச் சுவரில் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னலை யாரோ தட்டினார்கள். அந்தப் பக்கம் மடிப்பு அக்கா. தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காகிதத் துகள். பின்னால் தள்ளுவண்டியில் அறுபது போர்வையும் அப்படியே. அவள் கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு நீலநிற ரெக்சின் அட்டை.

நிமிஷக்கா அந்த அட்டையை அடையாளம் கண்டுகொண்டாள். இத்தனை நாள் பயந்து பயந்து எழுதியதெல்லாம் கூழாகிவிட்டது. அதையும் தன் கையாலேயே போட வைத்துவிட்டானே! அழுக்குத் துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்து, முகமூடி நனைகிற வரைக்கும் அழுதாள்.

டீ நேரத்தில் உடைமாற்றும் அறைக்கு மடிப்பு அக்கா வந்தாள். புருவத்தில் இன்னும் காகிதம் ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தினாள்.

“அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருந்த நீ?”

நிமிஷக்கா சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள், நேரத்தோடு சொன்னாள். மடிப்பு அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆறு வருஷம்” என்றாள். “எனக்கும் அதே ஸ்டோர் ரூம்தான். அதே பேச்சுதான். ஜாலி டைப்பு ஜாலி டைப்புன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீ வந்தப்போ உனக்கும் அதையே சொன்னேன் பாரு, என் நாக்குல நரம்பே இல்ல.” மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு திடுக்கென்று நிமிர்ந்தாள். “ஏய், அழறதை நிறுத்து. மஞ்சத்தாளு என்னாச்சு?”

“எந்த மஞ்சத்தாளு?”

“ஐயோ, வெவரம் கெட்டவளே! கார்பன் தாளு! ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தானே கிழிச்சு எடுத்துக்கிட்டு ரெண்டாவது மாடிக்குப் போறேன். கண்ணாடி சிஸ்டர் ரூம்ல ஒரு தகர அலமாரி இருக்கு, அதுலதான் போட்டுட்டு வர்றேன். ஆறு வருஷமா போட்டுக்கிட்டிருக்கேன்!”

இந்த வாரத்துத் தாள்கள் புத்தகத்தோடு போய்விட்டன. ஆனால் அதற்கு முந்தைய பதினோரு வாரமும் இரண்டாவது மாடியில் பத்திரமாக இருந்தன. படிக்காதவனுக்கு, அதை வேறு யாராவது படிப்பார்கள் என்ற நினைப்பே வராது. வெள்ளையைக் கரைத்தவன் மஞ்சளை மறந்துவிட்டான். ஒன்பது வருடமாகக் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்த மஞ்சளை!

இரண்டு பேரும் மாடிப்படி ஏறினார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லை. கண்ணாடி சிஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் அலமாரியைத் திறந்து மஞ்சள் தாள் கட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். நாற்பத்தோரு நிமிடம் படித்தார். நிமிஷக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசித் தாளை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றார். “மாசாமாசம் இதை நான் எடுத்துப் பாத்திருக்கேன். சூடு சரியா இருக்கா, நேரம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வச்சிட்டேன். பக்கத்துக் கட்டத்துல ஒரு மனுஷி இருந்ததைப் பாக்கல.”

சிஸ்டர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று ஆஸ்பத்திரியில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நிமிஷக்கா “பரவால்ல சிஸ்டர்” என்று சொல்ல வாயெடுத்தாள். பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயமா இது? சொல்லாமல் விட்டுவிட்டாள்.

“இதை எழுதினப்போ பயமா இல்லையா?”

“இருந்துச்சு சிஸ்டர். ஆனா கதவு ஏன் லேட்டுன்னு கேட்டிருக்கே. பதில் எழுதாம எப்படி விடறது?”

புகார் அன்றே எழுதப்பட்டது. சிஸ்டர் அதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் வைத்து வாங்கி வந்தார். விசாரணை முடியும்வரை சூப்பர்வைசர் சலவைக்கூடத்தில் காலெடுத்து வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. நிமிஷக்கா மறுபடி சுத்தப் பக்கத்துக்கு வந்தாள்.

அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடியது. ஒரு லேடி டாக்டர்தான் தலைவர். ஆபீஸ் மேனேஜர் ஒருவர், வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீலம்மா. நீள மேஜையின் அந்தக் கோடியில் அவன் இருந்தான். சென்ட் வாசனை இந்தக் கோடி வரைக்கும் வந்தது. நிமிஷக்கா மேஜைக்கு அடியில் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் தயாராகத்தான் வந்திருந்தான். குரலில் தேன் வழிந்தது. “மேடம், இந்தம்மா வேலையில கொஞ்சம் மந்தம். நான் கண்டிச்சேன், அழுக்குப் பக்கம் மாத்தினேன். அந்தக் கோபத்துல சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இவங்க சொல்றபடி மூணு மாசமா நடந்திருந்தா, ஒரு நாளாவது, யார்கிட்டயாவது, வாயைத் தொறந்து சொல்லியிருக்காங்களா?”

மேனேஜர் தலையாட்டினார். “நியாயமான கேள்விதான். ஏம்மா, அப்பவே ஏன் சொல்லல?”

உலகத்தில் எல்லா மேஜைகளிலும் கேட்கிற கேள்வி அது. அந்தக் கேள்விக்குப் பயந்தே வாய் திறக்காதவர்கள் எத்தனை பேரோ. ஆனால் நிமிஷக்கா அன்று வாய் திறந்தாள்.

“சொன்னேன் சார்” என்றாள். “நடந்த அன்னன்னைக்கே சொன்னேன். வேற யார்கிட்டயும் இல்ல, இவர்கிட்டயேதான் சொன்னேன். படிச்சுப் பாத்துக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்காரு.”

கண்ணாடி சிஸ்டர் மஞ்சள் தாள்களை மேஜையில் வைத்தார். வக்கீலம்மா ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தம் போட்டுப் படித்தார். தேதி, நேரம், என்ன நடந்தது, கீழே வால் நீண்ட கையெழுத்து. முப்பத்தோரு தாள். ஏழாவது தாளிலேயே மேனேஜர் நாற்காலியில் நெளியத் தொடங்கிவிட்டார்.

“இதெல்லாம் நான் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன் மேடம்” என்றான் அவன். அசடு வழிந்தது.

டாக்டரம்மா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். “ஒரு நிமிஷம். நோயாளிங்க படுக்கற போர்வை சரியா சூடு பண்ணியிருக்குன்னு நீங்க கையெழுத்துப் போடற தாளு இது. இதைப் படிக்காம போட்டீங்களா?”

படித்தேன் என்றால் முப்பத்தொன்றையும் ஒப்புக்கொண்டதாகும். படிக்கவில்லை என்றால் ஒன்பது வருடக் கையெழுத்தும் பொய்யாகும். எந்தப் பக்கம் போனாலும் சுவர். மெஷினுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே நின்ற நான்கு நிமிடம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்கு அப்போதாவது தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. அந்த மாதிரி ஆட்களுக்குத் தங்கள் வலி மட்டும்தான் வலி.

அப்போது கதவருகே சாட்சியாக உட்கார்ந்திருந்த மடிப்பு அக்கா எழுந்தாள். “நான் எதையும் எழுதி வைக்கல மேடம்” என்றாள். “ஆனா எல்லாம் ஞாபகம் இருக்கு. சொல்லலாமா?” சொன்னாள். ஆறு வருடத்தைச் சொல்ல இருபது நிமிடம்தான் ஆயிற்று. அவள் உட்கார்ந்தபோது நிமிஷக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

பதினைந்து நாளில் அவனை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். சிவப்புப் பையை அவன் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒருவரும் அதற்குள் முன்வந்திருந்தார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அவரை யாரும் கேட்கவில்லை, மேனேஜர் உட்பட. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ‘சின்ன விஷயத்துக்கு ஒரு குடும்பஸ்தன் பிழைப்பைக் கெடுத்துட்டாங்க’ என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். எங்கேயாவது அதே சென்ட் வாசனை வந்தால் இன்றைக்கும் அவள் தோள் இறுகும். ஆனால் ‘வேலை திருப்தி’ என்ற அந்த ஒரு வரியைக் கண்ணாடி சிஸ்டர் எழுதினார். ஒரு வரியோடு நிறுத்தவும் இல்லை, பக்கம் முழுக்க எழுதினார். நிரந்தர ஆணையை வீட்டுக்குக் கொண்டுபோனபோது புருஷன் கிரீஸ் கையோடு அதை வாங்கப் பார்த்தார். “கையைக் கழுவிட்டு வாங்க!” என்று ஒரு அதட்டல் போட்டாள். மகள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

புதிய சூப்பர்வைசர் வந்தார். மருந்து ஸ்டோரிலிருந்து மாற்றலாகி வந்தவர், சிடுமூஞ்சி, சிரிப்பே தெரியாது. முதல் நாள் இரண்டு மணிக்குப் புத்தகத்தை அவள் திறந்துவைத்தாள். பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடவில்லை. மேல் வரியில் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். கைப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட நின்றவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் அந்தப் பக்கத்தைப் படிப்பதை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

விரல் ஊர்ந்து ஊர்ந்து வந்து ஓரிடத்தில் நின்றது.

“ரெண்டாவது மெஷின் ஆறு நிமிஷம் லேட்டு. ஏன்?”

“எழுதியிருக்கேன் சார்.”

அவர் குனிந்து, கட்டத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். “‘மடிப்பு அக்கா பழைய கதை ஒன்று சொன்னார். சிரித்து முடிக்க நேரமாகிவிட்டது.’”

மடிப்பு அக்கா தரையைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். மறுபடி அந்த வரியைப் படித்தார். சூட்டுக் கணக்கைச் சரிபார்த்தார். பிறகு பக்கத்தின் அடியில், ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பார்த்தால் வழக்கமான பஸ் போய்விட்டிருந்தது. மடிப்பு அக்கா திட்டிக்கொண்டே நிழலில் போய் உட்கார்ந்தாள். “அடுத்தது எப்போ?” என்றாள்.

“ரெண்டு இருபத்தி எட்டு” என்றாள் நிமிஷக்கா.